பொம்மைக்குக் கேட்ட சட்டை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்து, மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொன்னார். அன்று மாலையே, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு கன்னியாஸ்திரீ அவன் நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பிழைக்காது என்று தோன்றும் குழந்தைக்குத்தான் இப்படி அவசரமாகக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் தம்பிக்கு ஆஸ்பத்திரிக்கே வந்து கொடுத்தார்கள் என்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் உப்பளம் என்ற பகுதியில் இருந்த சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி அம்மாவின் தங்கை. புதுநன்மை, அதாவது கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பவள். மூன்றாம் நாள் என்னை அம்மாவிடம் அழைத்துப்போனாள். குழந்தைகள் இருந்த அறைக்குள் என்னை விடவில்லை. அதனால் தம்பி எவ்வளவு சிறியவன் என்று நான் பார்க்கவே இல்லை.

"கோயிலுக்குத் தூக்கினு போறப்ப போட ஒரு சட்டை தைச்சி வைடி. ஆறு மாசப் புள்ளைக்கு எடுக்கற அளவுல தை" என்றாள் அம்மா.

"டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட?" என்றார் அப்பா.

"கேட்டேன். அவருக்குத் தெரிஞ்சத அவரு சொன்னாரு. குடுக்கறவர்கிட்ட நான் கேட்டுனு இருக்கேன்."

அப்பா கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவர். வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

சித்தி வெள்ளை சாட்டின் துணியில் சரிகை வைத்து அந்தச் சட்டையைத் தைத்தாள். இரண்டு நாள் கழித்து, மடித்து வைத்திருந்த அதன் அடியில் இன்னொரு சட்டையைக் கண்டேன். அதே துணி, அதே சரிகை. நீளம் ஒரு சாண்தான் இருக்கும். என் பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது. சித்தி அதை என் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவள் என்னிடம் அப்படி நடந்துகொண்டதே இல்லை.

மறுநாள் அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அது உன் பொம்மைக்கே கெடைக்கணும்னு வேண்டிக்கோ. தெனமும் வேண்டிக்கோ" என்றாள்.

வேண்டிக்கொண்டேன். பள்ளி விட்டதும் நேராகக் கோயிலுக்குப் போய், மாதா முன்னால் முழங்காலில் நின்று, பொம்மைச் சட்டையை எனக்கே தரும்படி கேட்டேன். எல்லோரும் தம்பிக்காக ஜெபிக்கும்போது நான் மட்டும் இப்படிக் கேட்கிறேனே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதற்காகக் கடைசியில் தம்பிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சேர்த்துக்கொள்வேன்.

தம்பிக்கு இரண்டு முறை மூச்சு நின்று திரும்பியது. ஒருமுறை அப்பாவைப் போன் செய்து வரவழைத்தார்கள். பிறகு ஒவ்வொரு கிராமாக எடை ஏறியது. இரண்டு மாதம் ஆகும் நேரத்தில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் நடந்து வந்தவர் அப்பா. அழுதுகொண்டே செருப்போடு வீட்டுக்குள் வந்துவிட்டார்.

அன்று மத்தியானம் சித்தி அந்தச் சின்னச் சட்டையைக் கொண்டுவந்து, அவளே என் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். அதையும் தைக்கச் சொன்னது அம்மாதான் என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகு சித்தி சொன்னாள். பிள்ளையை அடக்கம் செய்ய நேர்ந்தால் வெறும் துணியில் சுற்றிக் கொடுக்கக் கூடாது என்றாளாம். பெரிய சட்டைக்கு அளவு சொன்ன அன்றே அதற்கும் சொல்லியிருக்கிறாள்.

அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா அதைப் பார்த்தாள்; சித்தியைப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு பொம்மைச் சட்டையைக் கொடுக்க இவர்களுக்கு இவ்வளவு மனசில்லையா என்று எனக்குக் கோபம் வந்தது.