அம்மா பூ வைத்த கார்

கொதித்து அடங்கிய இரும்பின் வாடை முதலில் வரும். அதற்குப் பின்னாலேயே, பூக்கூடையை யாரோ அடுப்பின்மேல் மறந்து வைத்துவிட்டதுபோல ஒரு தித்திப்பும் வரும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அம்மா கண்ணாடிகளை இறக்கச் சொல்லிவிட்டு, உச்சிவெயிலில் காரின் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுவாள். மலேசியாவில் ஹீட்டரா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். கால் வேகும்படி அனல்காற்றைப் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த் சாலையில் போன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீடு நிபோங் திபாலில் இருந்தது. அப்பா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவர் விழித்திருக்கும்போது நானும் தம்பியும் பள்ளியில் இருப்போம், நாங்கள் வீடு திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே எங்களுக்கு அப்பா என்றால் பெரும்பாலும் சாத்திய அறைக்கதவுதான். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை சைக்கிள்கூட ஓட்டியிராத அம்மா, அழுது முடித்த கையோடு போய் லைசென்ஸ் எடுத்தாள். உறவினர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பழைய வெள்ளைக் கார், எங்கள் பேச்சில் "காடி", வாசலுக்கு வந்தது.

காடிக்கு முதல் நாளே அம்மா பூசை போட்டாள். வீட்டோரத்து மல்லிகையைத் தன் கையாலேயே தொடுத்து, பானெட்டுக்குக் கீழே முன்பக்கக் கம்பியில், முருகன் ஸ்டிக்கருக்கு மேலே நீளமாகக் கட்டினாள். அப்பாவைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிற வண்டியல்லவா? வெள்ளிக்கிழமைதோறும் புதுச்சரம் ஏறும். ஆனால் பழைய சரத்தை அவிழ்க்க மாட்டாள். சாமிக்குப் போட்ட பூவைப் பிய்த்துக் குப்பையில் போடக்கூடாது, தானாக உதிரட்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதுவும் எப்படியோ உதிர்ந்துவிடும்.

பள்ளி விட்டதும் எங்கள் இருவரையும் அப்பாவோடு சேர்த்து அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்புவாள். என் வேலை, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து சூட்டைக் காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டே வருவது. ஊசி பாதியைத் தாண்டினால் "ம்மா" என்பேன். சிவப்பை நெருங்கினால் பேர் சொல்லிக் கத்துவேன், "கமலா" என்று. அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது. உடனே ஹீட்டர் திறக்கும். இன்ஜினின் சூட்டை வண்டிக்குள் இழுத்து விட்டால் ஊசி கொஞ்சம் இறங்கும் என்று அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு சேவியர் அங்கிள். தொழிற்சாலை வேலை போக மீதி நேரத்தில் தன் வீட்டு வாசலிலேயே கார் ரிப்பேர் பார்ப்பார்.

ஜார்ஜ் டவுன் இருப்பது தீவில்; அங்கே போகும் கடல்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் என்ன கதி என்ற பயத்தில் நாங்கள் பாலத்துப் பக்கமே போவதில்லை. பட்டர்வொர்த்தில் காரை ஃபெரிப் படகில் ஏற்றி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கி வைத்துவிடுவோம். காடி மூச்சு வாங்கிக்கொள்ளும். கடல்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். அந்த நேரத்தில்தான் அப்பா பேசினார். என் வகுப்பு டீச்சரின் பெயரை அவர் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். தாசேக் கெலுகோரில் பெரியப்பா கல்யாணத்துக்குச் சமைத்து வைத்த சோற்றுக்கூடையைக் குரங்குகள் மரத்தில் ஏற்றிவிட்ட கதையை, பந்தியில் உட்கார்ந்த சம்பந்திகள் மேலே பார்த்துக்கொண்டே இலை முன்னால் காத்திருந்ததை, குரங்கு மாதிரியே கையைக் காட்டிச் சொல்வார். சிரித்துச் சிரித்துத் தம்பிக்கு விக்கல் வந்துவிடும். கதை முடிவதற்குள் ஃபெரி கரையைத் தொட்டுவிடும். மிச்சம் அடுத்த பயணத்துக்கு.

காடியின் சூடு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. சேவியர் அங்கிள் முதலில், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "இந்த ஊரு வெயிலுக்கு இது எதுக்குலா அக்கா, குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்றார். சூடு குறையவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினார், குழாய்களை மாற்றினார், தண்ணீர் பம்பை மாற்றினார். முன்பக்கத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துப் பளபளவென்று கழுவியும் விட்டார். ஊசி தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் ஃபெரிக்குப் போகும் வழியிலேயே பானெட்டிலிருந்து புகை கிளம்பி, வண்டி ஓரங்கட்டி நின்றது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். வீடு திரும்பிய அப்பாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது; நாற்காலியில் சாய்ந்தபடியே, வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இனி ஒருமுறை வண்டி நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுநாள் சேவியர் அங்கிள் லீவு போட்டுவிட்டுத் தன் வேனில் அப்பாவைக் கொண்டுபோனார். 

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். மேல்குழாயைத் தொட்டார், கையை உதறினார். கீழ்க்குழாயைத் தொட்டார், மறுபடியும் உதறினார்.

"அண்ணே, ரேடியேட்டருக்குள்ள போற தண்ணியும் கொதிக்குது, வெளிய வர்ற தண்ணியும் கொதிக்குது. தண்ணி நல்லா சுத்துது. சூடு மட்டும் வெளிய போகமாட்டேங்குது. எங்கயோ காத்து அடைச்சிருக்கு" என்றார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம்.

ரேடியேட்டரை மொத்தமாகக் கழற்றி வெளியே தூக்கினார். அதற்கு முன்னால் ஏர்கோனின், அதாவது ஏசியின், வலை ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அதுதான் தெரியும், அவர் கழுவியதும் அதைத்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்த விரலளவு இடுக்கில், கம்பளித் துண்டுபோல, பழுப்பு நிறத்தில் என்னவோ அப்பியிருந்தது. சேவியர் அங்கிள் அதைப் பிய்த்து எடுத்தார், முகர்ந்து பார்த்தார், முருகன் ஸ்டிக்கரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டென்று கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒண்ணும் இல்லக்கா. குப்பை. ரோட்டு இலை தழை" என்றார்.

"குடு தம்பி, பாப்போம்."

"அழுக்குக்கா, விடுங்க."

அம்மா விடவில்லை. வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பிரித்தாள். காய்ந்த காம்புகளுக்கு நடுவே நூல் வந்தது. பூவுக்குப் பூ இரட்டைச் சுற்றுப் போட்டு இறுக்கும் அந்த முடிச்சு எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வராது. தானாக உதிர்ந்ததாக நாங்கள் நினைத்த சரங்களையெல்லாம் ரேடியேட்டர் விசிறி மேல் இடுக்கு வழியாக உள்ளே இழுத்து இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது.

"இது என் முடிச்சு" என்றாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நானே அடைச்சிருக்கேன் தம்பி. இவரு நல்லா இருக்கணும்னு கட்டிக் கட்டி, இவரு மூச்ச நானே அடைச்சிருக்கேன்."

சேவியர் அங்கிள் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினார். என் தம்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதே கமலா. முருகன் இத்தன நாளா முன்னால உக்காந்து காத்து வாங்கியிருக்காரு, அவ்ளோதான். உள்ள வந்து நம்மளோட உக்காரச் சொல்லு."

"ஆமாக்கா" என்றார் சேவியர் அங்கிள், உயிர் வந்தவராக. "உள்ள வந்தா அவருக்கும் ஏர்கோன் இருக்குலா."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பூக்கம்பளியை அவள் குப்பையில் போடவில்லை. மல்லிகைச் செடியின் வேரிலேயே புதைத்தாள். தெர்மோஸ்டாட் மறுபடியும் தன் இடத்துக்குப் போனது. முருகனும் பூவும் டாஷ்போர்டுக்கு வந்தார்கள்.

அடுத்த பயணத்தில் ஊசி பாதிக்குக் கீழேயே நின்றது. எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பாலத்துக்குத் திரும்பும் சாலை வந்ததும் அம்மா தைரியமாக சிக்னல் போட்டாள்.

"ஃபெரிக்கே போ" என்றார் அப்பா.

"இப்பதான் காடி சரியாயிடுச்சே?"

"காடி சரியாயிடுச்சு. பிள்ளைங்ககிட்ட கதை பாதியில நிக்குது."

அம்மா சிக்னலை அணைத்தாள். அதற்குப் பிறகும் நாங்கள் ஃபெரியில்தான் போனோம். திரும்பும்போது, டயாலிசிஸ் முடிந்த உடம்பு குளிரில் வெடவெடக்கும் என்பதால், யாரும் கேட்காமலே அம்மா ஹீட்டரைத் திறந்துவிடுவாள். அப்பா கைகளை நீட்டிக் குளிர் காய்வார். நான் படித்து வேலைக்குப் போய், என் கையால் வாங்கிய சட்டையை அவர் போட்டுப் பார்க்கும்வரை அப்பா இருந்தார். இதற்கு நான் டாக்டர்களுக்கும் சேவியர் அங்கிளுக்கும், கொதித்துக் கொதித்தே எங்களுக்கு அப்பாவை அறிமுகம் செய்துவைத்த அந்தக் கிழட்டு வண்டிக்கும் கடன்பட்டவள்.

இப்போது என் காரில் ஊசியே கிடையாது. சூடானால் ஒரு விளக்கு எரியுமாம், இதுவரை எரிந்ததில்லை. ஃபெரியும் கார்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டது, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும்தான் ஏற்றுகிறார்கள். போன வாரம் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டப் பாலத்தில் கூட்டிப்போனேன். டாஷ்போர்டில் அவள் தொடுத்த மல்லிகை இருந்தது. அம்மா தூரத்தில் தெரிந்த படகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உங்கப்பா இருந்தா ஃபெரிக்கே போன்னு சொல்லியிருப்பாரு."

"இப்ப காடி ஏத்தறதில்லைமா."

"தெரியும். அப்ப மெதுவா போ."

இடதுபக்கத் தடத்துக்கு மாறி வேகத்தைக் குறைத்தேன். அம்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பிறகு, தாசேக் கெலுகோரில் பெரியப்பா கல்யாணத்தன்று குரங்குகள் சோற்றுக்கூடையைத் தூக்கிப்போன கதையை, எனக்குத் தெரியாததுபோல, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.