அரைத் தாங்கி காட்டிய முள்

அக்காவின் கலியாணத்துக்காகச் சென்ற ஆவணியில் கொழும்பிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் மணமகளின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது அவன் பொறுப்பு, அதாவது என் பொறுப்பு. மாப்பிள்ளை வீடிருந்த சண்டிலிப்பாயிலிருந்து சாவகச்சேரி மண்டபம் ஏறக்குறைய 27 கிலோமீற்றர். முகூர்த்தம் 10.10 முதல் 10.50 வரை. வாகனம், அயல்வீட்டுச் சிவம் அண்ணையின் அறுபது வயதுக் கார்.

அதன் பெற்றோல் அளவு காட்டும் முள் ஆண்டுக்கணக்காக எழும்பவில்லை. அண்ணை பெற்றோல் தாங்கிக்குள் தடி விட்டு அளந்துதான் ஓடுவார். எனக்குக் கை சும்மா இருக்குமா? முதல்நாள் பின்னேரம் தாங்கியைத் திறந்து பார்த்தேன். முள்ளை அசைக்கும் கம்பியின் நுனியிலிருந்த பித்தளை மிதவை ஓட்டை விழுந்து தாழ்ந்து கிடந்தது. மயிலிட்டி நண்பன் தந்த மீன்வலை மிதவையை அதில் பொருத்தினேன். முள் அரைத் தாங்கிக்கு எழும்பியது. வீடே கேட்கக் கத்தினேன்.

காலை 8.15க்கு மாப்பிள்ளையோடு புறப்பட்டோம். கைதடி தாண்டியதும், 9.05க்கு, கார் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. முள் அரையில்தான். அண்ணை பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில் பத்து நிமிடம் போனது.

"தடி எங்கை அண்ணை?"

"நீர் திருத்திப்போட்டீரெண்டு வீட்டில வைச்சிட்டு வந்தன்."

வேலியில் ஒரு கம்பு முறித்துத் தாங்கிக்குள் விட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. வலை மிதவை பருமனானது. தாங்கியின் அடியில் முட்டி, முள்ளை அரைக்குக் கீழே இறங்கவிடவில்லை.

மண்டபத்திலிருந்து அம்மா போனில் அழைத்தா. "எங்கை நிக்கிறியள்?"

"கிட்ட வந்திட்டம்." பச்சைப் பொய். தலைப்பாகையோடு இடையில் இறங்கக் கூடாதென்று மாப்பிள்ளைக்கு அவர் தாயின் கட்டளை. உள்ளேயே வேர்த்து வழிந்தபடி இருந்தார். எங்களைக் கடந்துபோன ஒவ்வொரு பஸ்ஸும் நிறைந்திருந்தது.

9.28க்கு ஓட்டோ ஒன்று நின்றது. "கலியாணக் காரோ? முதல் இதை ஊத்துங்கோ" என்று, அவசரத்துக்கு வைத்திருந்த பெற்றோல் போத்தலை ஓட்டோக்கார அண்ணை நீட்டினார். காசு வாங்கவில்லை. கடதாசியைச் சுருட்டிப் புனலாக்கி ஊற்றினேன். பாதி என் கையில். மண்டபம் சேர 9.50.

பழைய காரில் கை வைப்பவர்களுக்கு: பழைய மிதவையின் பருமனிலேயே புதியதைப் போடுங்கள். தாங்கியை வெறுமையாக்கி முள் அடிக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு லீற்றராக ஊற்றிச் சரிபாருங்கள். நான் அடுத்த நாள்தான் அப்படிச் செய்தேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். என் கையில் பெற்றோல் மணத்தது. தோழனுக்குரிய மோதிரத்தை என் விரலில் போட்டவர், காதருகே குனிந்தார்.

"மாமிக்குச் சொல்லமாட்டன், மச்சான். ஆனா உம்மடை அக்காவுக்குக் கட்டாயம் சொல்லுவன்."

கைதடியில் கார் நின்றதிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை, எல்லார் முன்னாலும் அப்போதுதான் வந்தது.