ஜகார்த்தா மணியும் செந்தானிக் கிழங்கும்

செந்தானிச் சந்தையில் பதினெட்டு வருஷமாகப் பாக்கு விற்கும் தெரினா கொகோயாவுக்கு மணிக்கணக்கு அத்துப்படி. மலையிலிருந்து வரும் குட்டி விமானத்துக்கு நாற்பது நிமிஷம், ஜகார்த்தாவிலிருந்து வருவதற்கு ஐந்தேகால் மணி நேரம், இடையே மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள். ஜகார்த்தா கடிகாரம் செந்தானிக்கு இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுவதால், ஜகார்த்தாக்காரர்கள் எந்த மணி சொன்னாலும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஏழு மணிக்கு என்றால் செந்தானியில் அது ஒன்பது.

நான்கு வருஷமாகக் கண்ணில் படாத மகள் மெசினா, விமானப் பணிப்பெண், திங்கட்கிழமை போன் பண்ணினாள். "அம்மா, எங்க கம்பெனியில செந்தானிக்குப் புது விமானம் விடறாங்க. வியாழக்கிழமை எனக்கு அதுலதான் வேலை. ஜகார்த்தாவுல ஏழு மணிக்குக் கிளம்பி ரெண்டேகாலுக்கு இறங்குவோம். அம்பது நிமிஷத்துல திரும்பிடணும். வாசலுக்கு வர பத்து நிமிஷம் கேட்டிருக்கேன். உன் குழியில வெந்த கிழங்கு ஒண்ணு குடு, போதும்."

ரெண்டேகால் என்றால் நமக்கு நாலேகால். தெரினா அப்போதே கூட்டிவிட்டாள்.

வியாழனன்று கொல்லையில் கல்லைச் சிவக்கக் காய்ச்சிக் குழியில் போட்டு, மேலே இலை பரப்பி, பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளியும் அடுக்கி மூடியபோது மணி ஒன்றரை. இரண்டு மணி நேரம் வேக வேண்டும்.

"கணக்குல அண்ணியை அடிச்சிக்க ஆளே கிடையாது" என்றான் கொழுந்தன் லிபியுஸ்.

இரண்டே காலுக்குத் தலைக்கு மேலே ஒரு பெரிய விமானம் தாழ இறங்கியது. தெரினா அண்ணாந்து பார்த்தாள். சற்று நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, இறங்கியாச்சு. எங்க நிக்கற?"

விமானத்துக்கு மட்டும் இறங்குகிற ஊர்க் கடிகாரத்தில்தான் மணி சொல்வார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் மணி சொன்ன வாய், சொந்த மகளுக்குத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. குழியின் ஓரத்தைப் பிரித்துக் கையை விட்டு, ஒரு கிழங்கை எடுத்து இலையில் சுற்றினாள்.

"அண்ணி, எல்லாரும் கூடி ஜெபம் பண்ணாம குழியைப் பிரிக்கறதா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும். நீ வண்டியை எடு. ஜெபத்தைப் போற வழியில பண்ணிக்கலாம்."

விமான நிலைய வாசலில் மெசினா சீருடையோடு நின்றிருந்தாள். பத்து நிமிஷத்தில் ஏழு போய்விட்டது. தாயைக் கட்டிக்கொண்டாள். பிறகு இலையைப் பிரித்துக் கிழங்கைக் கடித்தாள். மேலே சூடு, உள்ளே பச்சை. கரகரவென்று மென்றாள்.

"வேகலைல்ல?" என்றாள் தெரினா.

"வேகவே இல்ல." வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இன்னொரு கடி கடித்தாள் மெசினா. "இனிமே வியாழக்கிழமைதோறும் எனக்கு இதே விமானம்தான். அடுத்த வாரம் நல்லா வேக வை."

தெரினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை மணிக்கு?"

"ரெண்டேகாலுக்கு. உன் கடிகாரத்துல, அம்மா."