சொரணை கெட்டவள்னாக

என் மக சொரணை கெட்டவளாம். பள்ளிக்கூடத்துல அப்படித்தான் பேரு வச்சிருந்தாக. "எம்புட்டு அடிச்சாலும் உறைக்க மாட்டேங்குதும்மா, கல்லு மாதிரி நிக்கா"ன்னு பெரிய டீச்சர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். உறைக்காத பிள்ளையை என்னத்துக்கு அடிக்கீகன்னு கேட்டா, "வளர்ப்பு அப்படி"ம்பாக.

அவ ஒண்ணும் தங்கக்கட்டி இல்ல. அதையும் சொல்லிப்புடுதேன். அடுத்த பிள்ளை டிபன் பாக்ஸைத் தூக்கிச் சாக்கடையில போடுவா. கடிப்பா. கேட்டா மூஞ்சிக்கு நேரா "நான் இல்லை"ம்பா. நானும் அடிச்சேன், எங்க வீட்டுக்காரரும் அடிச்சாக. நம்ம கைதான் வலிக்கும். மறுநாளே அதையே திரும்பச் செய்வா.

அடி பலிக்கலைன்னு ஆசை காட்டிப் பார்த்தோம். எங்க சிவகாசிப் பக்கம் எதுன்னாலும் தீவாளிக்குத்தான். போனஸ் தீவாளிக்கு, புதுத்துணி தீவாளிக்கு, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதும் அதை நம்பித்தான். நான் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில தாள் தலையில தகரப் பட்டை அடிக்கிறவ, எங்க வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணைக்குப் பட்டாசு செய்ற வெடி ஆபீஸ் ஆளுகளை ஏத்திட்டுப் போற வேன் ஓட்டுறவுக. எங்களுக்கு வேற கணக்குத் தெரியுமா? "ஒழுங்கா இருந்தேனா தீவாளிக்கு சைக்கிள் வாங்கித் தாரேன்"னு அவுக அவ தலையில கை வச்சுச் சொன்னாக. அப்ப ஆனி மாசம்.

அந்த வாரமே இவ, எவளோ ஒருத்தியோட நோட்டைக் கிழிச்சுட்டு வந்து நின்னா. "போச்சு போ, சைக்கிள் கிடையாது"ன்னு அவுக கத்துனாக. இவ நிதானமா, "சரி, அதான் போயிருச்சே. இனிமே என்ன செஞ்சாலும் ஒண்ணுதானே"ன்னா. அவ சொன்னதுல என்ன தப்பு இருக்கு? ஐப்பசி வரைக்கும் அவ கையில இருந்து பிடுங்குறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை.

விருதுநகர்ல பிள்ளைகளுக்கு மனசு பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சைக்கிள் கதையைக் கேட்டதும் அந்தம்மா தலையில கையை வச்சுட்டாக. அப்புறம் எனக்குப் புரியுற மாதிரி சொன்னாக. தப்புச் செஞ்சு அடி வாங்குனா, நம்ம மூளைக்குள்ள "இங்கன போகாதே"ன்னு பதிஞ்சுரும். சில பிள்ளைகளுக்கு அது மங்கலாத்தான் பதியும். வலிக்காம இல்ல, வலிக்கும். ஆனா அந்த வலியையும் செஞ்ச தப்பையும் மூளை சேர்த்து முடிச்சுப் போடாது. பரிசும் அப்படித்தான். தள்ளி வச்சா அந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லாத மாதிரி. நல்லது செஞ்ச கையோட, சின்னதா, அன்னைக்கே குடுக்கணும். "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆனா உங்க மகளுக்கு இதைச் செஞ்சு பாருங்க"ன்னாக.

எனக்கு உடனே விளங்கிருச்சு. மை ஒட்டாத தாளை இன்னும் அழுத்தி அடிச்சா கிழியத்தானே செய்யும்? பிரஸ்ல நிக்கிறவளுக்கு இதைச் சொல்லவா வேணும்!

சண்டை போடாம வந்த அன்னைக்கு, சாயங்காலமே அவ அப்பா கூட வேன்ல முன் சீட்டுல ஒரு ரவுண்டு. சண்டை போட்டா அன்னைக்குக் கிடையாது, அன்னைக்கு மட்டும். மறுநாள் பழசை யாரும் எடுக்கக் கூடாது. தெருவுல சிரிச்சாக. "சேட்டை பண்ற கழுதைக்கு சீட்டு வேறயா, நல்லாச் செல்லம் குடுத்துக் கெடு"ன்னாக. "எம் பிள்ளை, எங்க வேன், உங்களுக்கு எங்கன வலிக்குது?"ன்னு கேட்டேன். அவ முன் சீட்டுல உக்காந்து ராணி கணக்காப் போனா. சண்டை குறைஞ்சுச்சு. நிக்கல, குறைஞ்சுச்சு.

இந்த வருசம் அதே பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு. போன மாசம் மறுபடியும் கூப்பிட்டு விட்டாக. ஜாமெட்ரி பாக்ஸால ஒரு பிள்ளை மண்டையில அடிச்சு ரத்தம் வந்துருச்சு. அந்தப் பிள்ளையோட அம்மா அழுதுக்கிட்டு நின்னாக. அவுக கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன், ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்னேன். அது என் கடமை.

பெரிய டீச்சர் அதோட விடல. "இவுக முன்னால நீங்களே ரெண்டு அறை விடுங்க, அவுக மனசு ஆறட்டும். இல்லைனா டீசியை வாங்கிட்டுப் போயிருங்க."

"அடிக்க மாட்டேன் டீச்சர். இன்னைக்கு அவளுக்கு விளையாட்டு இல்லை, வேன் இல்லை. அது என் பொறுப்பு. டீசியும் வாங்க மாட்டேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளையை வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்காம்ல. அடிக்கக் கூடாதுன்னும் இருக்காம்."

"சட்டம் பேசுறீகளோ?"ன்னு டீச்சர் டீசி எழுதப் பேனாவை எடுத்துட்டாக.

மூலையில நின்ன என் மக பக்கத்துல வந்தா. இடது காதுல கிடந்த தொங்கட்டானைக் கழட்டி உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா. கன்னத்தை என் பக்கம் திருப்புனா.

"அடிச்சுரும்மா. லேட்டாப் போனா உனக்கு அரை நாள் கூலி போயிரும்ல."

அழுதேன், அதுக்கென்ன இப்ப? மண்டை உடைஞ்ச பிள்ளையோட அம்மாவும் அழுதாக. டீச்சர் பேனாவைக் கீழ வச்சுட்டாக.

தொங்கட்டானை வாங்கி அவ காதுல நானே மாட்டிவிட்டேன். "கிளாசுக்குப் போத்தா"ன்னேன். போனா. ஒருத்தரும் தடுக்கல.

அவ போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சருக்கு எதிர்ல உக்காந்தேன். "அரை நாள் என்ன, முழு நாளும் போகட்டும். சொல்லுங்க டீச்சர், நாளைக்கு அவளை எந்தப் பெஞ்சுல உக்கார வைக்கப் போறீக?"