பக்கத்து வீட்டு ஈஸ்ட்

டெல்பெர்ட்டுக்கு வயிறு எரிந்தது. நேற்று இன்று எரிச்சலா அது? ஏழு வருஷ எரிச்சல். அமெரிக்காவில், விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். யார் வண்டி பனியில் மாட்டினாலும் முதல் ஆளாகப் போய்த் தள்ளுவார். பக்கத்து வீட்டு வெண்டலின் பேச்சு வந்தால் மட்டும் முகம் சுண்டிவிடும்.

காரணம் பீர்தான். ஆகஸ்ட் கண்காட்சியில் வீட்டில் காய்ச்சிய பீருக்குப் போட்டி நடக்கும். அதிலும் பார்லி வைன் என்று ஒன்று இருக்கிறதே, பேர்தான் வைன், இரண்டு கிளாஸில் ஆளைச் சாய்த்துவிடும் பீர்ச் சரக்கு, அதில் ஜெயித்தால்தான் மதிப்பு. ஏழு வருஷமும் முதல் பரிசு நீல ரிப்பன் வெண்டலுக்கு. மூன்றாம் பரிசு வெள்ளை ரிப்பன் டெல்பெர்ட்டுக்கு.

"அவன் என்னத்தைப் பெரிசா கிழிக்கிறான்? அதே கடை, அதே மால்ட்! இந்தத் தடவையும் தோத்தேன்னா அண்டாவைத் தூக்கி வித்துடறேன் பாரு."

"அவன் ஆற அமரச் செய்யறான். நீ அவனைத் திட்டிக்கிட்டே செய்யறே," என்றாள் மனைவி ஆர்லிஸ்.

அந்தச் சரக்குக்கு உயிரே ஈஸ்ட்தான், இனிப்பைத் தின்று போதையாக மாற்றுவது அதுதான். ஓர் அண்டாப் பாலுக்கு ஒரு சொட்டு மோர் விட்டால் உறையுமா? அதே கதைதான். பாக்கெட் ஈஸ்ட்டை அப்படியே கொட்டினால் பாதி வழியில் படுத்துவிடும். அதனால் முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் மாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, குடுவையில் ஊற்றி, ஈஸ்ட்டைப் போட்டு இரண்டு மூன்று நாள் பெருக்க வேண்டும். போகும்போது வரும்போது குடுவையை ஒரு சுழட்டு சுழட்டினால் காற்றுப் பட்டு நன்றாகப் பெருகும்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை வெண்டல் குடுவையும் கையுமாக வாசலில் நின்றார்.

"டெல், மில்வாக்கியில பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். சனிக்கிழமைதான் வருவேன். நேத்துதான் ஈஸ்ட் போட்டேன். அப்பப்போ சுழட்டி விடுப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதுக்கென்ன, வச்சுட்டுப் போ."

துணி துவைக்கிற மெஷின்மேல் டெல்பெர்ட் தனக்கு ஈஸ்ட் போட்டு வைத்திருந்த குடுவையும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி. வெண்டல் ரிட்டயரான தபால்காரர், வீடு முழுக்க ரப்பர் பேண்டு. அடையாளத்துக்குத் தன் குடுவைக் கழுத்தில் ஒன்றைப் போட்டிருந்தார்.

சுழட்டினாரா டெல்பெர்ட்? நல்லாச் சுழட்டினார் போங்கள்! தன் குடுவையைப் பல் தேய்க்கப் போகும்போது ஒரு தடவை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை என்று சுழட்டித் தள்ளினார். அடுத்ததை விரலால்கூடத் தொடவில்லை. கிடக்கட்டும் சனியன் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், அவருடையது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. வெண்டலுடையதில் மேலே தெளிவு, அடியில் விரல் கனத்துக்கு வெள்ளை வெளேரென்று ஈஸ்ட். டெல்பெர்ட் குனிந்து குனிந்து பார்த்தார். "தொடாமலே இவ்வளவா? இவனுக்கு மட்டும் எப்படிடா!"

சுழட்டினால் கலங்கித்தான் இருக்கும், சுழட்டாவிட்டால் அடியில் படியத்தான் செய்யும். பன்னிரண்டு வருஷம் காய்ச்சிய மனுஷனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பொறாமை வந்து உட்கார்ந்தால் தெரிந்தது எங்கே ஞாபகம் வரும்? ரப்பர் பேண்டைக் கழற்றினார், தன் குடுவைக் கழுத்தில் மாட்டினார். வேலை முடிந்தது.

சனிக்கிழமை பேரன் பிறந்த சந்தோஷத்தோடு வெண்டல் வந்து, ரப்பர் பேண்டு போட்ட குடுவையை வாங்கிக்கொண்டு, ஒரு கட்டு சாஸேஜும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டு வீட்டிலும் அண்டா கொதித்தது.

பத்து மாதம் கழித்து, ஆகஸ்டில், நீல ரிப்பன் வெண்டலுக்கே. டெல்பெர்ட்டுக்கு வெள்ளை ரிப்பன்கூட இல்லை. "ஈஸ்ட் பாதியில் களைத்துவிட்டது, பாகாக இனிக்கிறது" என்று நடுவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பட்டினி போட்ட குடுவையைத் தானே எடுத்துக்கொண்டு, தான் சுழட்டி வளர்த்த பிள்ளையை அவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

அதற்குள் வெண்டல் ஓடிவந்து எல்லார் முன்னாலும் தோளைக் கட்டிக்கொண்டார்.

"கேளுங்கப்பா! ஈஸ்ட் அபாரம்னு நடுவரே எழுதியிருக்காரு. அதை வளத்தது நான் இல்ல, இவன்தான். எட்டு வருஷத்துல எனக்கு இப்படி வந்ததே இல்ல. இந்த ரிப்பன்ல பாதி இவனுக்கு!"

எல்லாரும் கை தட்டினார்கள். 'பாதியாடா? முழுசும் என்னுதுடா!' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் ரப்பர் பேண்டையும் சொல்ல வேண்டுமே.

"அண்டாவை விக்கப் போறாராம் இவரு," என்றாள் ஆர்லிஸ்.

"விக்கிறதாவது! ராசியான கை டெல் உனக்கு. வர்ற அக்டோபர்லயும் என் குடுவை உன் வீட்டுலதான்." வெண்டல் சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து டெல்பெர்ட்டின் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். "மறக்காமச் சுழட்டுவே இல்ல?"

"சுழட்டறேன்," என்றார் டெல்பெர்ட்.