வெதூரியா எழுதிய முப்பத்தொன்பது நிறுத்தங்கள்

வெதூரியா லப்பதாத் 1956 மார்ச் மூன்றாம் தேதி பிறந்தார். மின்மீட்டர் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் சோதனை மேசையில் இருந்தார். அங்கே ஆட்குறைப்பு செய்தபோது, திமிஷோராவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கூட உதவியாளராக வந்தார். அங்கே பதிவேடுகளைக் காப்பது என் வேலை. அவர் எழுதியதில் நான் திருத்தம் கேட்டது இரண்டே முறை. இரண்டும் தேதிப் பிழை.

2008இல் எங்கள் பொறியாளர்களும் ஊரின் மருத்துவர்களும் சேர்ந்து, பழுதான இதயத்துக்குத் துணையாக ஒரு பம்பு செய்தார்கள். முதல் கட்ட நிதி தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வந்திருந்தது. அடுத்த மூன்றாண்டு நிதிக்கு ஒரு நிபந்தனை: பம்பு தொண்ணூறு நாள் நிற்காமல் ஓட வேண்டும், கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். நிதி வராவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். வெதூரியாவோடு சேர்த்து ஆறு பேருக்கு வேலை போகும்.

பெத்ரு வுக்கு என்ற ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநரின் இதயத் துடிப்பைப் பதிந்து, அந்தத் தாளத்திலேயே பம்பை ஓட்டினார்கள். பதிவுக்கு வந்த ஐந்து நாளும் அவர் வெதூரியாவைத் தங்கச்சி என்றே கூப்பிட்டார். துடிப்பு தடுமாறும்போதெல்லாம் தண்டவாளம் சரியில்லை என்று சொல்லிச் சிரிப்பாராம்.

செப்டம்பர் 10 அன்று பம்பு ஓடத் தொடங்கியது. ஐம்பத்தொன்றாம் நாள், அக்டோபர் 30, வியாழன், காலை பத்து இருபதுக்கு நீரைத் தள்ளும் அதன் சவ்வு நான்கு நொடி அசையாமல் நின்றது. குழாயில் ரத்தத்துக்குப் பதிலாக விட்டிருந்த சிவப்புச் சாயமிட்ட நீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நீரோட்டத்தை அளக்கும் மீட்டரிலும் ஒரு துளி குறையவில்லை. வெதூரியா கண்டதைக் கண்டபடி எழுதினார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. பெத்ரு வுக்கு இறந்திருந்தார், அக்டோபர் 30, காலை பத்து இருபதுக்கு.

அதன் பிறகு தினமும் அதே நேரத்தில் சவ்வு நின்றது. மின்சாரம், வால்வு, கணினி எல்லாவற்றையும் பார்த்தார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை. நான் என் கைக்கடிகாரத்தோடு ஏழு நாள் போய் நின்றேன். அசையாத பம்புக்குள் நுழைந்து, அசையாத பம்பிலிருந்து வெளியேறி, நீர் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் முறை குழாயைத் தொட்டேன். ஓர் ஆளின் மணிக்கட்டைப் பிடித்ததுபோல் இளஞ்சூடு. நீரைச் சூடாக்கும் கருவி எதுவும் அந்த அறையில் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, பேராசிரியர் லிவியு க்ரோப்ஷான் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். திங்களன்று, தொண்ணூறாம் நாள், நிதியத்தின் மதிப்பீட்டாளர் வருகிறார் என்றார். மேசையில் ஒரு புதுப் பதிவேடு இருந்தது. பம்பு நின்றதைச் சொல்லும் வரிகளை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் இதில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார்.

"மீட்டர் ஓடுச்சுங்குது. நீங்க மட்டும் நின்னுச்சுங்கிறீங்க."

"டிராம் ஓட்டின மனுஷன் சார். நிறுத்தம் வந்தா நிறுத்தாம போவாரா?" என்றார் வெதூரியா.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "வார்டுல பதினோரு பேர் இதுக்காகக் காத்துக் கிடக்காங்க வெதூரியாம்மா. அவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

வெதூரியா புதுப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ஏன் நிக்குதுன்னு தெரியாமலே அவங்க நெஞ்சுல வச்சு, அங்க நின்னுச்சுன்னா அப்ப என்ன பதில் சொல்றது?" என்றார். எழுந்தபோது, "திங்கக்கிழமை நிக்காது சார். அன்னைக்கு அவருக்கு நாற்பது," என்றார்.

எங்களில் ஒருவர் இறந்த நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்துப் படைத்து உயிரை வழியனுப்புவோம். நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. புதுப் பதிவேட்டை வெதூரியா தன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனதையும் பார்த்தேன்.

திங்களன்று இரண்டு பதிவேடுகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். புதியதில் ஒரு எழுத்துகூட இல்லை.

மதிப்பீட்டாளர் எகாதெரினா சவெஸ்கு பழையதை வரிவரியாகப் படித்தார். பத்து இருபதுக்கு எல்லோரும் பம்பைச் சுற்றி நின்றோம். அது நிற்கவில்லை. குழாயைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. யார் இந்தப் பெத்ரு என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். வெதூரியா எதையும் மறைக்கவில்லை.

"எங்கப்பாவுக்கும் நாற்பது செஞ்சோம்மா," என்றார் மதிப்பீட்டாளர். "அதுக்காக இதைக் காரணம்னு நான் எழுத முடியாதே. இன்னைக்கு நிக்கலைன்னு நானே பார்த்துட்டேன். அந்த முப்பத்தொன்பதும் கண் மயக்கம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

பேராசிரியர் பேனாவை நீட்டினார். வெதூரியா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுல ஏழு நாள் இவரும் பார்த்திருக்காரு. ரெண்டு பேருக்கும் ஒரே மயக்கமா?"

அந்த அம்மாள் என்னைக் கேட்டார். ஆமாம், ஏழு நாள், ஒவ்வொரு நாளும் நான்கு நொடி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'விளக்கப்படாத நிறுத்தங்கள்: 39' என்று எழுதிக் கோப்பை மூடினார். நிதி இல்லை.

பிற்பகல் ஒன்று ஐந்துக்குப் பம்பை நிறுத்தச் சொன்னார்கள். யாரும் எழவில்லை. வெதூரியா போய் விசையைத் திருப்பினார். சவ்வும் நீரும் ஒன்றாக நின்றன. உட்கார்ந்து பழைய பதிவேட்டில் நேரத்தை எழுதினார். காரணம் என்ற கட்டம் முப்பத்தொன்பது வரிகளில் வெறுமையாக இருந்தது. நாற்பதாவது வரியில், தெளிவான கையெழுத்தில், தன் பெயரை எழுதினார்.