சீசன் முடியுமட்டும்

“…எண்டபடியால் இனி ஒருத்தரும் என்னோட பேரம் பேச வரக்கூடாது. நான் சொன்ன சொல்லில நிண்டனான். அவங்களும் தங்களால ஏலுமானமட்டும் நிண்டவங்கள்” என்றார் அத்தான்.

தொலைக்காட்சியில் எங்கள் நகரத்து பேஸ்போல் அணிக்காரர்கள் தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு வாங்கில் குந்தியிருந்தார்கள். ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம். சீசன் அன்றோடு முடிந்தது. மோர்னிங்சைட் மாடிவீட்டில் அக்காவும் அவவுடைய மகளும் நானும் விளையாட்டுக்காரர்களைப் பார்க்கவில்லை. அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏன் என்று சொல்ல, போன மாரிக்குப் போகவேண்டும்.

அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைசெய்யாமல் போய்ச் சில வருடங்கள். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, உடம்பிலுள்ள இரத்தத்தை எல்லாம் மெசினுக்குள்ளால் ஓடவிட்டுக் கழுவுவார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் அதற்குப் பெயர் ‘மெசினில் ஏறுவது’. ஏறிவிட்டு வந்தால் அன்று முழுக்கப் பிழிந்த சீலைபோலக் கிடப்பார். இரவில் கால் குறண்டி இழுக்கும். தோல் கடிக்கும். மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் மனுசன் இழுத்துக்கொண்டிருந்தார். போன மாரியில் வைத்தியர் அதற்கும் கையை விரித்தார். இவருடைய இதயம் அந்த ஒப்பரேசனைத் தாங்காதாம்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே அத்தான் சொன்னார்: “அப்ப நான் மெசினை விடப்போறன்.”

விட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாசக்கணக்கு இல்லை, நாட்கணக்குத்தான்.

“விசர்க்கதை கதையாதையுங்கோ” என்றா அக்கா. அவர்களுடைய மகள், எனக்கு மருமகள், ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கி இருக்கிறாள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பனிக்குள் காரை ஓட்டி வந்தாள். “அப்பா, ப்ளீஸ், ஐ ஆம் நொட் ரெடி” என்று அவருடைய காலடியில் இருந்து அழுதாள்.

“நானும் ரெடியில்லாமல்தான் பிள்ளை கொம்மாவைக் கட்டினனான். நடந்ததுதானே” என்றார் அவர். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அத்தானின் கதை அப்படித்தான். சாவைப் பற்றிக் கதைத்தாலும் ஒரு கொழுக்கி போட்டுத்தான் கதைப்பார். ஆட்கள் சொல்லுகிற சொல்லைப் பொறுக்கிச் சேர்க்கிற பழக்கம் எனக்குச் சின்னனிலிருந்து உண்டு. என்னிடம் இருக்கிற சேர்க்கையில் பாதி அவருடையது.

அவரைத் தடுத்தது நாங்கள் அல்ல. ஆஸ்பத்திரியில் அடுத்த கதிரையில் மெசினில் ஏறுகிற ஒரு இத்தாலியக் கிழவர். இரண்டு பேருடைய ஆங்கிலமும் கடன் வாங்கின சைக்கிள் மாதிரி, எங்கே நிற்கும் என்று தெரியாது. ஆனாலும் நாலு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் கட்டுண்டு கிடக்கிறவர்களுக்குப் பாசை என்னத்துக்கு? அந்தக் கிழவர் ஊசி குத்தாத கையின் விரல்களாலேயே அத்தானுக்கு பேஸ்போல் படிப்பித்துவிட்டார். மெசினை விடப்போகிறேன் என்று அத்தான் சொன்னதும் கிழவர் கோபித்தாராம்: “மாரியில் சாகிறவன் மடையன். இந்தா, வசந்தத்தில் ஆட்டம் தொடங்குது. முடிவைப் பார்க்காமல் எழும்பிப் போறதோ?”

அன்றைக்கு வந்துதான் அத்தான் எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். “சரி. சீசன் முடியுமட்டும் ஏறுறன். அவங்கள் வெளியில போற அண்டைக்கு நானும் வெளியில. அதுவரைக்கும் ஒருத்தரும் உந்தக் கதையை எடுக்கப்படாது.”

அக்கா அந்த வாக்கைக் கையில் வாங்கிப் பொத்திக்கொண்டா. அதுவரை அவவுக்குப் பந்து எது, மட்டை எது என்றுகூடக் கவலையில்லை. சித்திரை பிறந்ததும் சமையலறை ரேடியோவிலும் பேஸ்போல்தான்.

“கிரிக்கெட்டில ஒருக்கா அவுட்டானால் போய்க் குந்தவேண்டியதுதான். உதில ஆளுக்குத் திரும்பத் திரும்ப முறை வரும்” என்று அத்தான் எனக்கு விளங்கப்படுத்துவார். “பத்துத் தரத்தில ஏழு தரம் பிழைவிடுறவனைத் தலையில தூக்கி வைச்சு ஆடுறாங்கள். மச்சான், எங்கட ஆக்கள் உந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சிருந்தால் அவனை ஊரைவிட்டுத் துரத்தியிருப்பம்.” கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் மட்ச் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. “உது திருவிழா இல்லை, நித்திய பூசை.”

ஆனியில் ஒரு ஞாயிறு மருமகள் ரிக்கற் எடுத்து எங்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூரையைத் திறந்துவிட்டிருந்தார்கள், நல்ல வெயில். மெசினில் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். குடிக்கிறது எல்லாம் உடம்பிலே நின்று நெஞ்சை அடைக்கும். அக்கா காலையில் அளந்து வைக்கிற சின்னப் போத்தலோடு அவருடைய நாள் முடிந்துவிடும். மற்றப்படி வாயில் ஒரு ஐஸ் கட்டி. மைதானத்தில் நான் ஒரு பெரிய பிளாஸ்ரிக் கப்பில் சோடா வாங்கிவிட்டேன். அணியின் படம் போட்ட கப். வாங்கின பிறகுதான் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைக் கண்டேன்.

“நீ குடி மச்சான். நான் பாக்கிறன். அதுவும் ஒரு ருசிதான்” என்றார். முடிந்ததும் கப்பை வாங்கித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குள் அக்கா ரிமோட்டையும் பேனைகளையும் போட்டு வைத்தா.

வெயில்காலம் முடியமுதல் அந்த இத்தாலியக் கிழவர் போய்விட்டார். ஒரு நாள் அத்தான் போகிறார், அடுத்த கதிரையில் வேறொரு மனுசி படுத்திருக்கிறா. அணி அப்போது வென்றுகொண்டிருந்தது. “முடிவைப் பாக்கச் சொல்லி என்னை இருத்திப்போட்டு, தான் எழும்பிப் போட்டான் பாத்தியே” என்று மட்டும் சொன்னார். அன்றைய மட்ச்சை ரேடியோவிலும் போடவிடவில்லை.

அக்கா கோயிலுக்குப் போவது அதற்குப் பிறகு கூடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினா. ஐயர் பேர் கேட்டார். அக்கா அணியின் பேரைச் சொன்னா.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “உது ஆர் அம்மா? பிள்ளையோ?”

“பிள்ளையள்தான் ஐயா. கன பேர்.”

“நட்சத்திரம்?”

அக்கா திகைத்துப்போனா. பின்னால் வரிசையில் ஒரு அன்ரி, “கெதியாச் சொல்லுங்கோவன், கற்பூரம் அணையுது” என்று நெருக்கினா. அக்கா சட்டென்று “சதயம்” என்றா.

சதயம் அத்தானுடைய நட்சத்திரம்.

காரில் வரும்போது இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அணியின் பேருக்கும் அத்தானின் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. ஐயரே பழகிவிட்டார், அவவைக் கண்டால், “என்னம்மா, நேற்று வெண்டிட்டினம்போல” என்பார்.

அவர்கள் வென்றார்கள்தான். வென்றுகொண்டு போனால் கடைசிச் சுற்றுகளும் உண்டு, சீசன் இன்னும் நீளும். ஆனால் அத்தான் தேய்ந்துகொண்டு போனார். செப்ரெம்பரில் மெசினில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் விழுந்து இரண்டு முறை மயங்கினார். ஊசி குத்துகிற கை கறுத்து வீங்கியது. வாகனத்தில் கொண்டுவந்து இறக்கினால் எலிவேற்றருக்குப் போகும் தூரத்துக்குள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் அப்படி நின்றபடி என்னிடம் கேட்டார்: “மச்சான், உவங்கள் எப்ப தோப்பாங்கள்?”

பகிடிக்குக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரவில் கால் குறண்டும்போது பிடித்துவிடுகிற கை அவவுடையது. ஒரு வெள்ளி கோயிலுக்குப் போகும்போது, சிவப்பு விளக்கில் கார் நிற்க, அவவாகவே தொடங்கினா.

“தம்பி, நான் பிழையா முடிச்சுப் போட்டிட்டன். அவங்கட பேருக்கு இவற்ற நட்சத்திரத்தைக் குடுத்து ரெண்டையும் சேத்துக் கட்டிப்போட்டன். நான் கேக்கக் கேக்க முருகன் அவங்களை வெல்ல வைக்கிறார். இவர் கிடந்து உத்தரிக்கிறார்.”

“அக்கா, உது விளையாட்டு. அவங்கள் தங்கட பாட்டுக்கு விளையாடுறாங்கள்.”

“உனக்கு விளையாட்டு” என்றா.

அன்று தட்டை நீட்டிவிட்டு நின்றா. ஐயர் வழமையாக, “அதே பேர்தானே?” என்றார். “இல்லை ஐயா. பேரும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். சும்மா செய்யுங்கோ” என்றா. ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் யார் பேருக்கும் இல்லாமல் ஒரு அர்ச்சனை செய்து விபூதியைத் தந்தார். அக்கா அதை நெற்றியில் பூசாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காருக்கு வந்தா.

அணி கடைசிச் சுற்றுகளுக்குள்ளும் போனது. நகரம் முழுக்கக் கொடி. கோப்பிக் கடையிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாத சனம் ஒருவரோடொருவர் கதைத்துச் சிரித்தது. எங்கள் வீட்டில் மாத்திரம், பந்து உயரப் போகும்போது எதைக் கேட்டு மன்றாடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மருமகள் இன்னும் ‘வெல்லட்டும்’ என்ற பக்கம்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தா. அந்தக் கடைசிப் பின்னேரத்தில் எங்கள் ஆள் மட்டையைச் சுழற்றினான், பந்து பிடிகாரனின் கையுறைக்குள் போய் விழுந்தது. முடிந்தது.

அப்போதுதான் அத்தான் அதைச் சொன்னார், இனிப் பேரம் இல்லையென்று.

மருமகள் வாயைத் திறந்தாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினா.

அத்தான் கதிரையின் கையை ஊன்றி எழும்பினார். பிடிக்கப் போன என்னை வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெரிய கப்பை எடுத்து, ரிமோட்டையும் பேனைகளையும் மேசையில் கொட்டினார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் வருமட்டும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கப் நிறைந்தது. நின்றபடியே, மூச்சு விடாமல், அவ்வளவையும் குடித்தார். கப்பைக் கீழே வைக்கவில்லை. திரும்பவும் பைப்புக்குக் கீழே பிடித்தார்.